மணிக்கு முன்னால் வந்து நின்றவர்கள்

"1924 ஆகஸ்ட் 19, செவ்வாய், காலை. ஆண், காவலாள், வயது நாற்பது இருக்கலாம். காய்ச்சல் இல்லை. நாடி சீர். நாக்கு சுத்தம். நோய்: இன்சோம்னியா. மருந்து: இல்லை."

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தபோது நோயாளிப் பதிவேட்டில் எழுதிய குறிப்பு இது. பதிவேடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆனால் அன்றன்று எழுதியதை என் சட்டைப்பை நோட்டிலும் படியெடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதைத்தான் இங்கே தமிழில் தந்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆறு கட்டில், ஒரு மருந்து அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து டாக்டர் மோட்டார் காரில் வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் காவலாளின் முக்கியமான வேலை பெரட்டு மணி அடிப்பது. பெரட்டு என்றால் விடிவதற்கு முன் ஆட்களை ஆபீசுக்கு எதிரே வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஆபீஸ் முன்னால் மரக்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். நாலரை மணிக்கு அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பெரட்டு. பால்வெட்டுக்காரர்கள் வாளியோடு தங்கள் மேஸ்திரியான கங்காணிக்குப் பின்னால் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. இருட்டில் முகம் தெரியாவிட்டாலும் நிற்கிற இடத்தை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அவன் தாழ்வாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தூக்கம் வரலைங்க ஐயா."

"எத்தினை நாளா?"

"நாள் தெரியலைங்க. அன்னிக்கு மணி தப்புச்சுல்ல, அன்னியிலேர்ந்து."

மணி தப்பிய நாள் எனக்குத் தெரியும். ஆபீஸ் நோட்டில் ஜூலை 22 என்று இருந்தது. சரியாக நான்கு வாரம். அன்றைக்கு அவன் அசந்து தூங்கிவிட்டான். ஆனால் ஆட்கள் பழக்கத்தில் தாங்களாகவே எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு வந்து, அவரவர் இடத்தில் நின்றுவிட்டார்கள். மணி அடிக்கிற ஆளை எழுப்புவது யாருடைய வேலையும் இல்லை என்பதால் யாரும் எழுப்பவில்லை. அவன் திடுக்கிட்டு ஓடி வந்தபோது இருட்டில் அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றிருக்கிறார்கள். பெரிய கங்காணி மட்டும் வாயைத் திறந்திருக்கிறார்: "வாப்பா. இனிமே நாங்க வந்து மணி அடிச்சு உன்னை எழுப்புறோம்." ஆட்கள் எல்லாரும் சிரித்தார்களாம். அவ்வளவுதான் நடந்தது.

நாலு வாரம் ஒரு மனிதன் முழுக்கத் தூங்காமல் இருக்க முடியாது, தனக்குத் தெரியாமலே அங்கங்கே கண் அசந்திருப்பான் என்று நான் படித்திருந்தேன். அதை அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. "இருக்கலாம் ஐயா. எனக்குத் தெரியாதே" என்றான்.

நோய் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். என்னிடம் ஒரு மருத்துவ அகராதி இருந்தது. இன்சோம்னியா லத்தீனிலிருந்து வந்தது, முன்னால் இருக்கும் 'இன்' இல்லை என்று சொல்வது, பின்னால் இருப்பது தூக்கம் என்று அதில் போட்டிருந்தது. சுத்தமான சொல். எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முன் நான் அதை எழுதியதே இல்லை. அந்தத் தோட்டத்தில் அதற்குத் தேவை வந்ததும் இல்லை. எங்கள் ஊரில் நித்திரை வரேல்லை என்போம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தூக்கம் வரலை, கண்ணு அசரலை, முழிப்பாவே இருக்கு என்பார்கள். தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் மலாய்க்கார டிரைவர் 'தா போலே தீடோர்', தூங்க முடியவில்லை, என்பார். நாங்கள் எல்லாரும் அதை ஒருவன் படுகிற பாடாகச் சொன்னோம். அகராதிச் சொல் ஒரு பொருள் அங்கே இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. தூக்கம் இல்லாத இடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அது கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதிவிட்டு, ராத்திரியில் வெந்நீரில் கால் வைத்துப் படு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, பதிவேடு கையெழுத்துக்காகத் துரையின் பங்களாவுக்குப் போனது. அன்று டாக்டர் வரவில்லை. பிற்பகல் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமை எழுத்தர், என் மருந்து அறை வாசலில் வந்து நின்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்.

"ஐசே, நீர் எழுதின சொல்லைத் துரை வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சவர்."

"ஏன், எழுத்துப் பிழையோ?"

"பிழை ஒண்டும் இல்லை. நித்திரை வராத காவல்காரன் எங்கை கிடைப்பான் எண்டு கேட்டார். ஸ்டோரிலை காயப்போட்ட ரப்பர் சீட்டு களவு போகுதெல்லோ. இண்டையிலை இருந்து ராக்காவலும் அவனுக்குத்தான். பகலிலை படுக்கட்டாம்."

பெரிய கங்காணியும் அங்கேதான் இருந்தார். அவர் காலில் இருந்த கொப்புளத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். "நோவுன்னு சொல்லிக்கிட்டு வந்தான், வேலையைக் கூட வாங்கிக்கிட்டுப் போயிட்டான்" என்றார். "துரைக்கு அதிர்ஷ்டம் லா. நாய்கூட ராத்திரியில ஒரு தூக்கம் போடும்."

நானும் சிரித்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை. நான் நோயின் பெயராக எழுதியதை அவர்கள் தகுதிச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே பங்களாவுக்குப் போய், இது அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

25ஆம் தேதி மணி தப்பியது. இந்த முறை முன்னால். ராத்திரி இரண்டு மணிக்கு அடித்துவிட்டான். லயமே எழுந்து வந்து நின்றது. பெரட்டு எடுக்கக் கிராணி வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, ஆபீஸ் ஜன்னலில் கடிகாரத்தைப் பார்த்த யாரோ ஒருவர் சொல்லித்தான் திரும்பிப் போனார்கள். 27ஆம் தேதி மறுபடியும் அதே போல. குழந்தைகள் அழுதன. ஒரு பெண் இருட்டில் ஓடி வந்து வடிகாலில் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். நான்கு தையல் போட்டேன்.

அன்று காலையிலேயே பெரிய கிராணி சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா மணி தப்பினால் விசர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதச் சொல்லித் துரையின்ர உத்தரவு. டிரசர் எண்டபடியால் நீர்தான் எழுதவேணும். இன்சோம்னியா எண்டு ஏற்கனவே எழுதியிருக்கிறீர்தானே. அதோடை இன்னும் ரெண்டு வரி சேர்த்தால் போதும்."

அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நாங்கள் திரும்பப் பார்த்ததில்லை. மத்தியானம் அவன் மனைவி வந்தாள். பால்வெட்டுக்காரி. கையில் காய்ந்த ரப்பர் பால் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை.

"ஐயா, அவரைக் கூட்டிட்டுப் போயிட்டா நானும் லயத்தை விட்டுப் போகணுமா?"

"அப்படி ஒண்டும் இல்லை. அவன் ஏன் நேரத்துக்கு முன்னம் அடிக்கிறான்? அதைச் சொல்லு."

"அதை அவர்கிட்டயே கேளுங்க. நான் கேட்டுட்டேன். கேட்டதிலேர்ந்து நானும் படுக்கிறதில்ல."

அவனை வரச் சொன்னேன். நல்ல வெயில். ரப்பர்க் காய் வெடிக்கிற காலம் அது. மரங்களுக்குள் அங்குமிங்கும் பட் பட் என்று வெடித்துக்கொண்டிருந்தன. கூரைத் தகரத்தில் விதைகள் விழுந்து உருண்டன. அவன் கண்கள் சிவக்கவில்லை. அதைக் குறித்து வைத்திருக்கிறேன். சொல்லப்போனால் முன்னைவிடத் தெளிவாக இருந்தன.

"நான் முந்தி அடிக்கலைங்க ஐயா. அவங்க வந்து நின்னுட்டாங்க. அதுக்கப்புறந்தான் அடிச்சேன்."

"ஆர் வந்து நிண்டது? நீ அடிச்ச பிறகுதானே ஆக்கள் வந்தவை?"

"நம்ம ஆளுங்க அப்புறம் வந்தாங்க. இவங்க வேற. நம்ம ஆளுங்க ஆபீஸைப் பாத்து நிப்பாங்க. இவங்க மலையைப் பாத்து நிக்கிறாங்க. முதுகுதான் தெரியுது. ஒரு சத்தம் கிடையாது. மணி அடிச்சாத்தானே கலைவாங்க?"

"எத்தினை பேர்?"

அவன் மடியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே ரப்பர் விதைகள். எண்ணத் தெரியாதவன் இல்லை. ஆனால் எண்ணும்போது குழம்பிவிடுகிறது என்று தலைக்கு ஒரு விதை போட்டிருக்கிறான். நான் கொட்டி எண்ணினேன். நாற்பத்தொன்று. இன்னொரு முறை எண்ணினேன். இரண்டாவது டின் ஒன்றும் வைத்திருந்தான், 25ஆம் தேதி ராத்திரிக்கு உரியது. அதிலும் நாற்பத்தொன்று. அவனுக்கு அந்த எண் ஒன்றுமாகப் படவில்லை. "சரியா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள், 28ஆம் தேதி, வியாழக்கிழமை, நானே போனேன். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. ஆபீஸ் ஜன்னலுக்குள் எரிந்த விளக்கில் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. அவன் தண்டவாளத்திலிருந்து தள்ளி, ஆபீஸ் பக்கமாகப் பெரட்டுத் திடலின் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், வந்துவிட்டீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"இன்னும் வரலைங்க" என்றான்.

சிறிது நேரத்துக்கெல்லாம், "வந்துட்டாங்க" என்றான்.

நான் ஒருவரையும் பார்க்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திடல், அதற்கப்பால் மரங்கள், அதற்கப்பால் மலை இருக்கும் இடத்தில் கூடுதலாக ஓர் இருட்டு, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் சில்வண்டுகள் எங்கள் பின்னால் கத்திக்கொண்டிருந்தன, முன்னால் கத்தவில்லை. அவன் டின்னில் விதை போட ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் போட்டான். அவன் கண் ஒரு வரிசையில் போய் அடுத்த வரிசைக்குத் திரும்புவதுபோல் திரும்பியது. இடையில் ஓர் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் எட்டிப் பார்த்து, பிறகு ஒரு விதை போட்டான். மறைவில் நிற்கிற சிறிய உருவத்தைப் பார்க்க அப்படித்தான் எட்ட வேண்டியிருக்கும்.

போட்டு முடித்ததும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தை நோக்கிப் போனான். திடலுக்குக் குறுக்கே நடந்தால் முப்பது அடி. அவன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனான். நான் பின்னால் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் நானும் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"இன்னும் நேரம் ஆகேல்லை. அடிச்சால் உன்னைக் கொண்டுபோயிடுவினம்."

"நிக்க வெச்சுட்டு எப்படிங்க ஐயா சும்மா இருக்கிறது?"

அவன் கோபப்படவில்லை. கெஞ்சினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நாடி என் விரலுக்கடியில் ஒரே சீராக இருந்தது. நாலரைக்கு விட்டேன். அடித்தான். லயத்தில் விளக்குகள் எரிந்தன. ஆட்கள் வந்து ஆபீஸைப் பார்த்து நின்றார்கள். கிராணி பேர் கூப்பிட்டார். அவன் யாரையும் பார்க்காமல், ஆட்களுக்கு மேலாகத் திடலின் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மணி தப்பவில்லை. ஆனால் தினமும் நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அவனை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பதிவேட்டைத் திறந்தேன். காய்ச்சல் இல்லாத ஆளைக் கட்டிலில் போட எனக்கு அதிகாரம் இல்லை. இன்சோம்னியா என்று மறுபடி எழுதினால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பங்களாவுக்கும் ஆபீசுக்கும் அனுப்பியவன் நான். "மலேரியாக் காய்ச்சல், 103 டிகிரி, குளிர் நடுக்கம்" என்று எழுதினேன். வெப்பமானியை எடுக்கவே இல்லை. இந்த வேலையில் நான் வேண்டுமென்றே எழுதிய பொய் அது ஒன்றுதான். என் சட்டைப்பை நோட்டில் அதற்கு எதிரே 'பொய்' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.

புரோமைடு மருந்தைப் பெரியவர்களுக்கு உரிய அளவில் கொடுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் இரண்டாம் வேளை கொடுத்தேன். நாலு மணிக்கு, ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அப்படியே தூங்கிப்போனான். அவன் மனைவி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் இருவரையும் எழுப்பிக் கஞ்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவன் தூங்குகிறபோது வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று சேர்ந்து சேர்ந்து விலகின. விதை போடுகிற மாதிரி. மற்ற நோயாளிகள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். நெற்றியில் கை வைத்தார். என்னைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். அதில் 23ஆம் தேதி துரை போட்ட கையெழுத்தும், அதற்கு மேலே என் பழைய வரியும் இருந்தன.

"காய்ச்சல் விட்டுவிட்டது போலிருக்கிறது" என்றார்.

"நேற்று விட்டது, சார்."

பத்து நாள் ஓய்வு, அதன் பிறகு பகலில் இலேசான வேலை, இரவுக் காவல் கூடாது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கடிதம் எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. செப்டம்பரில் அவன் புல் வெட்டுகிற கூட்டத்தில் சேர்ந்தான். நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை அங்கேதான் இருந்தான். திடல் பக்கம் போகவேண்டி வந்தால் மட்டும் ஓரமாகச் சுற்றிப் போவான்.

ஆள் மாற்றி வைக்கும்வரை மணி அடிக்கும் வேலையைப் பெரிய கங்காணியே எடுத்துக்கொண்டார். "ரெண்டு அடி அடிக்கிறதுக்கு ஒரு நோவா?" என்று ஆபீசில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. காலை நோயாளிகள் எல்லாரும் போன பிறகு அவர் வந்தார். கொப்புளம் ஆறியிருந்தது. இருந்தும் காலைத் தூக்கிக் காட்டினார். நான் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். அவர் போகவில்லை.

"ஐயா, அவனுக்கு ஒரு தண்ணி குடுத்தீங்களே. உப்புக் கரிக்கும்னு சொன்னான்."

"புரோமைடு. உங்களுக்கு ஏன்?"

"சும்மாதான்."

நான் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார். "எழுத வேணாம்" என்றார். பிறகு வாசலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் கேட்டார்:

"அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு யாரு ஐயா கங்காணி?"

எத்தனை பேர் என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எண்ணலை. எண்ணினா நானும் அவனாட்டம் ஆயிருவேன்."

மருந்தைக் கொடுத்தேன். அந்த நாளுக்குரிய பக்கத்தில் அவருடைய வரியில் நோய் என்ற பத்தி காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் மணி அடிக்கப் புதிதாக ஓர் ஆளை, வேறு மொழிக்காரரை, வெளியிலிருந்து கொண்டு வந்தார்கள். அவர் ஒன்றும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் சரிபார்க்க முடிந்தவை இவை. அடுத்த ஆண்டு ஆபீஸ் அலமாரியில் தோட்டத்தின் முதல் வரைபடம் அகப்பட்டது. காடு வெட்டிய காலத்தில் ஆபீஸ் என் காலத்தில் இருந்த இடத்தில் இல்லை. திடலின் மறுபக்கம், மலையடியில், ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்புக் குடிசையாக இருந்திருக்கிறது. பெரட்டுக்கு வருகிறவர்கள் அப்போது மலையைப் பார்த்துத்தான் நின்றிருப்பார்கள். காவலாளும் சரி, கங்காணியும் சரி, ஆபீசை இந்தப் பக்கம் மாற்றிய பிறகு வந்தவர்கள். இது ஆட்பதிவு நோட்டில் இருக்கிறது, பார்த்தேன்.

காடு வெட்டியபோது காய்ச்சலில் பலர் இறந்ததாக எல்லாரும் சொன்னார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தின் முதல் டிரசர் அடக்கம் செய்தவர்களின் பட்டியல் ஒன்றைச் சொந்த நோட்டில் வைத்திருந்தார் என்றும், வேலையை விட்டபோது அதைத் தன்னுடன் தெலுக் ஆன்சனுக்குக் கொண்டுபோய்விட்டார் என்றும் பெரிய கிராணி சொன்னார். 1927 மார்ச்சில் அவர் வீட்டுக்கு எழுதினேன். அவர் காலமாகிவிட்டார், நோட்டு பெட்டியில்தான் இருந்தது, ஆனால் 1926 கடைசியில் வந்த பெருவெள்ளத்தில் பெட்டி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது, பக்கங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன என்று அவருடைய மருமகன் பதில் எழுதியிருந்தார். இருப்பதை அப்படியே அனுப்பிவைக்கக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. பின்னாளில் ஈப்போவின் புந்தோங்கில் குடியேறிய பிறகு ஒருமுறை தெலுக் ஆன்சனுக்கு நேரிலும் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

ஆகவே விதைகளின் எண்ணிக்கையை நான் உறுதியாகச் சொல்வேன், மூன்று முறை எண்ணினேன். அந்த நோட்டில் எத்தனை பெயர்கள் இருந்தன என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.